எழுதுபவர் பக்கம்: இரண்டாம் பாகம் எழுதலாமா?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு குறுநாவலை நானே கிண்டிலில் வெளியிட்டேன். சிறு வயதில் வீட்டை விட்டுப் போன அப்பாவை, அம்மா கேட்டுக்கொண்டதற்காகத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. அவர் ஒரு கலங்கரை விளக்கத்தில் வேலை பார்ப்பது தெரியவருகிறது. வாசல்வரை போகிறாள். உள்ளே அவர் இருமுவது கேட்கிறது. கதவைத் தட்டாமல் திரும்பிவிடுகிறாள். படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் எல்லோரும் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்கிறார்கள். அவள் மறுபடி போய்க் கதவைத் தட்டுவதாக மூன்று அத்தியாயம் எழுதிப் பார்த்தேன். உயிரே இல்லை. தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்: தொடருங்கள். அந்த மூன்று அத்தியாயங்களை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

'அப்புறம் என்ன ஆச்சு?' என்று வாசகர்கள் கேட்பது, உங்கள் முடிவு அவர்களை உலுக்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். அதற்காகக் கதவைத் திறந்துவிட வேண்டியதில்லை. முதல் பாகத்தின் கனமெல்லாம் அவள் தட்டாமல் திரும்பியதில்தான் இருக்கிறது. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே போய்த் தட்டிவிட்டால், அந்த முடிவு வெறும் ஒத்திவைப்பாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு, 'இதை அன்றைக்கே செய்திருக்கலாமே' என்றுதான் தோன்றும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவளுடைய அம்மாவிடம் போவேன். அம்மாதானே அனுப்பினாள்? அவள் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள். பெண் உள்ளே நுழைந்ததும் 'பார்த்தியா?' என்று கேட்பாள். பதில் என்ன? 'இல்லை' என்றால் அம்மா தேடலை விடமாட்டாள், அடுத்து வேறு யாரையாவது அனுப்புவாள். 'இறந்துவிட்டார்' என்றால் அம்மா அதை நம்பித் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்வாள், பெண் அதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னாலோ, 'ஏண்டி தட்டலை?' என்ற கேள்விக்கு அவளிடமே பதில் இல்லை. மூன்றில் எதை எடுத்தாலும் கதை நகரும். அப்பா ஒரு பக்கத்தில்கூடத் தலைகாட்ட வேண்டாம்.

அப்புறம், அந்த இருமல். முதல் பாகத்தில் அதைச் சூழலுக்காக வைத்திருப்பீர்கள். அவர் நோயாளி என்று வைத்துக்கொண்டால், அவள் அம்மாவிடம் சொன்ன பொய்க்கு ஒரு கெடு விழுந்துவிடுகிறது. இரண்டாம் பாகத்துக்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் முதல் பாகத்திலேயே இப்படிக் கிடக்கும். முதல் பாகத்தின் கடைசி வரியால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் நஷ்டமில்லை என்றால் அந்தக் கதை முடிந்துவிட்டது. உங்கள் கதை முடியவில்லை.

அவளைவிட அப்பாதான் உங்களை இழுக்கிறார் என்றால், பின்னோக்கியும் போகலாம். கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. அதில் மாமல்லர் வளர்ந்த பெண்ணுக்குத் தகப்பன். அதற்குப் பின் எழுதிய 'சிவகாமியின் சபத'த்தில் அவர் இளைஞர். அவர் போரில் பிழைத்துப் பெரிய சக்கரவர்த்தியாக இருப்பார் என்று முன்பே தெரிந்தும் வாசகர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள்.

கேள்வி: முதல் பாகத்தில் சில தவறுகள் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. ஓர் இடத்தில் அம்மாவுக்கு வயது 50, இன்னோர் இடத்தில் 46. மின்னூல்தானே, திருத்திவிடலாமா?

பதில்: எழுத்துப்பிழையையும் இந்த மாதிரி வயதுக் கணக்கையும் தாராளமாகத் திருத்திக் கோப்பை மறுபடி ஏற்றுங்கள். சம்பவத்தில் கை வைக்காதீர்கள். பழைய பிரதியைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மனதில் நடந்தது நடந்ததுதான்.

சம்பவத்திலேயே ஓட்டை இருந்தால் அதை இரண்டாம் பாகத்துக்குள் அடைக்கலாம். செர்வாண்டிஸின் 'டான் கிஹோட்டே' நாவலின் முதல் பாகத்தில் (1605) நாயகனின் உதவியாளான சாஞ்சோவின் கழுதை திருட்டுப் போகிறது, பிறகு எந்த விளக்கமும் இல்லாமல் திரும்ப வந்து நிற்கிறது. 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த முதல் புத்தகத்தையே பாத்திரங்கள் பேசுகிறார்கள். கழுதை என்ன ஆயிற்று என்று சாஞ்சோவிடமே கேட்கிறார்கள், அவனும் சொல்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

எழுதத் தொடங்குமுன், பென்சிலோடு உட்கார்ந்து உங்கள் புத்தகத்தை வேறு யாரோ எழுதியதுபோல ஒருமுறை படியுங்கள். யாருக்கு என்ன வயது, எந்தக் காலில் தழும்பு, எந்த ரகசியம் யாருக்குத் தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கோனன் டாயிலின் 1887 நாவலில் ஷெர்லக் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனுக்குக் குண்டு பட்டது தோளில், 1890 நாவலில் காலில். வாசகர்கள் இன்றுவரை அதை விடவில்லை.

கேள்வி: முதல் பாகம் படிக்காதவர்களுக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்?

பதில்: பத்திரிகைத் தொடர்களில் 'முன்கதைச் சுருக்கம்' போடுவது, நடுவில் ஒரு வாரம் போய்விடும் என்பதால். புத்தகத்துக்கு அது அவசியமில்லை. பழைய கதையை, அதை மறைக்க நினைக்கும் பாத்திரத்தின் வாயால் சொல்ல வையுங்கள். உங்கள் பெண் பயணத்தைப் பற்றி அம்மாவிடம் பொய் சொல்லும் காட்சி ஒன்று போதும். புதியவருக்குக் கதை தெரிந்துவிடும், பழையவர் அவள் எதை விழுங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வெளியீட்டு வேலையில் இரண்டு விஷயம். கிண்டிலில் இரண்டையும் ஒரே தொடராக எண்ணிட்டு இணைத்துவிடுங்கள், முதல் நூலின் கடைசிப் பக்கத்தில் இரண்டாம் நூலின் பெயரைச் சேருங்கள். இரண்டாவது வரும்போது முதலாவதை இலவசமாகக் கொடுக்க நினைத்தால், அது கேடிபி செலக்ட்டில் (மின்னூலைக் கிண்டிலுக்கு மட்டுமே தருவதாக ஒப்புக்கொள்ளும் அமேசான் திட்டம், ஒரு தவணை 90 நாள்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த 90 நாள் முடியும்வரை மின்னூலை வேறு எங்கும், இலவசமாகக்கூட, தர முடியாது. கிண்டிலுக்குள்ளேயே 5 நாள் இலவசமாக விடலாம். அந்த 5 நாளை இரண்டாம் பாகம் வெளிவரும் வாரத்துக்கு எடுத்து வையுங்கள்.