நன்றியுரையில் விட்டுப்போனவர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கமுங்க. நான் கோவையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறேன். இது மூன்றாவது வருடம். சொந்த ஊர் பல்லடம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நோம்பிக்கு ஊருக்குப் போனால் 'இன்னுமா கண்ணு படிச்சு முடியல?' என்று கேட்காத ஆளில்லை. அதற்குப் பழகிவிட்டேன்.

பழக முடியாதது கல்லூரிதான். எங்கள் லேபில் ஆறு பேர் இருக்கிறோம். ஆறு பேரும் காதில் இயர்போனோடுதான் வேலை செய்வோம். என்ன செய்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சொன்னால் ஐடியா போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும்தான். ஹாஸ்டலில் பிஜி பிள்ளைகள் பொங்கல் வைக்கக் கூப்பிட்டார்கள். கைடுக்குத் தெரிந்து, 'ரிசர்ச்சுக்கு வந்தவங்களுக்குக் கோலப்போட்டியெல்லாம் எதுக்கும்மா' என்றார். போகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி இடங்களில் இயற்பியல்காரரும் வரலாற்றுக்காரரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள் என்று படித்தேன். நமக்கு அதெல்லாம் கொடுத்து வைக்கவில்லையா? இல்லை, ஆராய்ச்சி என்றாலே தனியாகக் கிடப்பதுதானா?

இன்னொன்று. என் மண் மாதிரிகளை ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எடுக்கிறேன். உப்பைத் தாங்கி வாழும் பாக்டீரியாக்கள்தான் என் தலைப்பு. போன தடவை தோட்டத்துக்காரர், 'மண்ணை அள்ளிட்டுப் போறவங்க நெறையப் பேருங்க அம்மணி. திரும்பி வந்து என்ன இருந்துச்சுன்னு சொன்னவங்க யாருமில்லை' என்றார். சங்கடமாக இருந்தது. இதை உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பெயரைப் போட வேண்டாம் ஐயா.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள அம்மணி,

ஆக்ஸ்ஃபோர்டை முதலில் முடித்துவிடுவோம். அங்கே யூனிவர்சிட்டி காலேஜ் என்றே ஒரு கல்லூரி உண்டு. 1249-இலிருந்து தன் வயதைக் கணக்கிடுகிறது. நீங்கள் படித்த மாதிரி எல்லாத் துறைக்காரர்களும் சேர்ந்து சாப்பிடும் நீள மேசைகளும் உண்டு. ஆனால் அந்தக் கல்லூரி பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது 1979-இல்தான். எழுநூற்று முப்பது வருடம் அந்தப் பந்தியில் உங்களுக்கு இலை போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே பெருமூச்சைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

நான் உட்கார்ந்த மேசையைப் பற்றிச் சொல்கிறேன். 1993-இல் கோவையில் எம்.ஃபில். படித்தேன். (அப்படி ஒரு படிப்பு இருந்தது. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, அதை நிறுத்திவிட்டது.) பொருளாதாரம். தாராபுரம் தாலுகாவில் நிலம் எப்படியெல்லாம் பயன்படுகிறது என்பது தலைப்பு. ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைச் சாப்பிட்ட தலைகளால் வகுத்து பில் போடுவார்கள். கணக்கு பார்க்கும் செக்ரட்டரியும் மாணவன்தான். தக்காளி விலை ஏறினால் எகனாமிக்ஸ்காரன் என்று என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள், ஏதோ நான்தான் ஏற்றிவிட்டதுபோல.

என் அறையில் நாற்பது வாட் குண்டு பல்பு. மெஸ்ஸில் நான்கு டியூப்லைட். அதனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும் என் காகிதங்களை அங்கே கொண்டுபோய்ப் பரப்புவேன். தாவரவியலில் ஒருவன், விலங்கியலில் ஒருவன், தமிழில் இரண்டு பேர் என்று என்னைப் போலவே வெளிச்சத்துக்கு வந்தவர்கள் சிலர் இருந்தோம். அறிவுப் பரிமாற்றம், கூட்டாய்வு என்றெல்லாம் யாரும் கூடவில்லை. டியூப்லைட்டுக்குக் கூடினோம்.

ஒரு திங்கட்கிழமை. அன்று அரிசிம்பருப்புச் சோறு என்பதால் நினைவிருக்கிறது. மெஸ் மாஸ்டர் அண்டா கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் அட்டவணையை எட்டிப் பார்த்தார். அவருக்கு மூலனூர் பக்கம். நஞ்சை, புஞ்சை, தோட்டம், தரிசு என்று நான்கு கட்டம் போட்டு எண்களை நிரப்பி வைத்திருந்தேன். அவர் ஊர்ப் பெயரைத் தேடிப் பிடித்து விரலை வைத்தார்.

"ஏனுங்க, இதென்னமோ தரிசுன்னு போட்டிருக்கீங்க? அது கொறங்காடுங்க. எங்கய்யன் அதை வெச்சுத்தானுங்க எங்கக்காளுக்குக் கண்ணாலம் பண்ணுனாரு."

கொறங்காடு தெரியாத வாசகர்களுக்காக. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் மழை குறைந்த, கல்லும் சரளையுமான நிலத்தைச் சுற்றி முள் கிளுவை நட்டு உயிர்வேலி போட்டிருப்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்ளவேல மரம். மாட்டையும் ஆட்டையும் காலையில் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்க்க ஆள் வேண்டாம். புல் மேலே காய்ந்தாலும் வேர் செத்துப்போகாது, ஒரு மழைக்குத் தழைத்துக்கொள்ளும். கோடையில் வெள்ளவேலங்காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகும். காங்கேயம் மாடு என்று நாம் பீற்றிக்கொள்கிறோமே, அது வளர்ந்ததே இந்த நிலத்தில்தான். காரில் போகிறவர்கள் கண்ணுக்கு முள்ளும் கல்லும்தான் தெரியும். நான் அந்த ஊர்களுக்கு டவுன் பஸ்ஸில் போய்த் தகவல் சேகரித்தவன். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

மாஸ்டர் சொல்லச் சொல்லத் தாவரவியல்காரன் நிமிர்ந்தான். கொழுக்கட்டைப் புல்லா, அது சென்க்ரஸ்டா என்று ஆரம்பித்து வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று விளக்கினான். விலங்கியல்காரன், ஏக்கருக்கு எத்தனை ஆடு தாங்கும், எப்போது உழுது சோளம் விதைப்பீர்கள் என்று மாஸ்டரைத் துளைத்தான். தமிழ்க்காரர்கள் 'குறும்காடு'தான் கொறங்காடு ஆயிற்றா என்று தனியாகச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை கடைசிவரை தீரவில்லை. பதினோரு மணிக்கு நான் அட்டவணையில் தரிசு என்ற கட்டத்தை அடித்தேன். மூன்றாவது அத்தியாயம் அன்றைக்குத்தான் பிறந்தது. உருப்படியாக எழுதியது அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

என் கைடு அதைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் சமையல்காரர் சொன்னதை ஆதாரமாகக் காட்ட முடியாது என்றார். ஊருக்குப் போய் விவசாயிகள் பன்னிரண்டு பேரிடம் அதையே கேட்டு எழுதி வந்தேன். அது சரியான யோசனைதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். தப்பு நான் செய்தது. காந்திபுரத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து நன்றியுரை அடித்தபோது முதல்வர், துறைத்தலைவர், நூலகர், டைப் அடித்த அக்கா வரைக்கும் பெயர் போட்டேன். மாஸ்டர் பெயர் இல்லை. வேண்டுமென்று விடவில்லை, ஞாபகமே வரவில்லை. அதுதான் மோசம்.

அப்புறம் உங்கள் கேள்வி, ஆராய்ச்சி என்றால் தனியாகக் கிடப்பதுதானா என்பது. தனியாகச் செய்ய வேண்டிய பகுதி நிறைய இருக்கிறது. தட்டில் வளர்ந்த பாக்டீரியாவை உங்களுக்காகப் பொங்கல் வைக்கும் கூட்டம் எண்ணித் தராது. ஆனால் தனிமையை நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டும், பிறர் உங்கள் தலையில் கட்டக் கூடாது. உங்கள் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-இல் தொடங்கியது. கரும்பு இங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பதால் தேர்ந்தெடுத்த இடம். தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை அங்கே வேலை பார்த்தார். தலச்சேரிக்காரர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். அங்கே படித்தபோது மார்த்தா குக் என்ற பெண்கள் விடுதியில் பலரோடு சேர்ந்து வாழ்ந்தவர். கோவையில் கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார். வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கல்யாணம் ஆகாத பெண், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பம். ஆண் சகாக்களோடு அவருக்கு ஒத்துவரவில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடைசியில் லண்டன் போய்விட்டார். போனதும் குண்டு மழை, போர்க்காலம். அதையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே வேலை செய்தார் என்றால் இங்கே எவ்வளவு வெறுத்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.

ஐடியா போய்விடும் என்ற உங்கள் பயத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன். என் அட்டவணை ஒன்று இரண்டு வருடம் கழித்து வேறொருவர் பெயரில் அச்சாகி வந்தது, ஒரு கூட்டல் பிழையோடு சேர்த்து. பிழை என்னுடையது என்பதால்தான் கண்டுபிடித்தேன். ஆகவே லேப் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், அவ்வப்போது கைடிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் தாராளமாகப் பேசுங்கள். ஆறு பேரில் ஒருவர் இயர்போனைக் கழற்றினால் போதும். அது நீங்களாக இருப்பதில் நஷ்டமில்லை.

கைடு கோலப்போட்டிக்குப் போகாதே என்றது அவருக்கு இருக்கும் அவசரம். அவரிடம் சண்டை வேண்டாம். பொங்கல் வைப்பது காலை ஆறு மணிக்கு, லேப் ஒன்பதரைக்கு. உங்கள் அவசரத்துக்கும் ஒரு வார்த்தை: 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்கு ஆறு வருடம் வரை உண்டு, அதற்கு மேல் பெண்களுக்குக் கூடுதல் சலுகையும் உண்டு. சமர்ப்பிக்கும் முன் கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி அந்த விதிகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதும் கேட்கிறதா என்று மட்டும் ஆபீஸில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரில் கேட்பவர்களுக்கு 'இன்னும் மூணு வருசம்' என்று நிம்மதியாகச் சொல்லலாம். குறைவாகச் சொன்னால்தான் அடுத்த நோம்பிக்கு மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, தோட்டத்துக்காரர். உங்கள் கடிதத்தில் நான் மூன்று தடவை படித்தது அந்த இடத்தைத்தான். கல்லூரிக்குள் மேசையைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களோடு பேச ஆசைப்படுகிற ஆள் வாய்க்கால் மேட்டில் நிற்கிறார்.

ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறந்தது. பாசனத்துக்கு என்று கட்டினார்கள். சில வருடங்களிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் வழியாக வந்து தேங்கும் குளமாகிப்போனது. விவசாயிகள் வழக்குப் போட்டு அலைந்து, கழிவு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு வாங்கி, அதையும் பின்பற்றவில்லை என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை போனது. இத்தனை காலத்தில் அந்த மனிதரின் தோட்டத்துக்கு எத்தனை டப்பா, எத்தனை பாலித்தீன் பை வந்து போயிருக்கும்! ஒவ்வொரு பைக்கும் எங்கோ ஒரு பட்டம் கிடைத்திருக்கும். அவர் கணக்கில் வரவு ஒன்றுமில்லை.

அடுத்த தடவை வெறும் பையோடு போகாதீர்கள். மண்ணின் கார அமிலநிலை, உப்பு அளவு இரண்டும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். மண் பரிசோதனை அட்டை பார்த்துப் பழகியவர்களுக்கு 'ஈசி எவ்வளவு' என்று கேட்கத் தெரியும் (ஈசி என்பது உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் அளவு). எந்த மூலையில் எவ்வளவு, போன வருடத்துக்கு இந்த வருடம் ஏறியதா இறங்கியதா என்று ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பாக்டீரியாவின் லத்தீன் பெயரெல்லாம் அவர் கேட்டால் சொல்லுங்கள். இந்த பாக்டீரியா மண்ணைச் சரியாக்கிவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அதிகம் கேள்விப்பட்டவர்.

பிறகு நீங்கள் கேளுங்கள். முதலில் எந்தப் பாத்தி கெட்டது, என்ன போட்டுப் பார்த்தார், எது பிழைத்தது, கிணற்றுத் தண்ணீர் எந்த வருடம் வாயில் வைக்க முடியாமல் போனது. உங்கள் மூன்று வருடத் தரவுக்கு முன்னால் அவரிடம் முப்பது வருடத் தரவு இருக்கிறது. தலையில்தான் இருக்கிறது, எழுதினால் உண்டு.

லேபிலிருந்து ஒருவரைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்துதான் வர வேண்டும், பேசாமல் முடியாது.

நான் மூலனூர் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மாஸ்டர் ஊருக்குப் பிரியும் ரோட்டில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. அவர் இருந்திருந்தால் இப்போது எண்பது தாண்டியிருக்கும்.

போனதும் நோட்டை எடுக்காதீர்கள். முதலில் மோர் கொடுப்பார்கள், வாங்கிக் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள்.

அன்புடன்