பொற்கோயிலில் செய்யும் ‘கார் சேவை’ என்றால் என்ன?

சீக்கியக் கோயில்களைக் கட்டவும் பழுதுபார்க்கவும் பக்தர்கள் கூலி வாங்காமல் செய்யும் உடலுழைப்புதான் கார் சேவை. பஞ்சாபியில் ‘கார்’ என்றால் வேலை.

பொற்கோயிலைச் சுற்றியுள்ள அமிர்தசரஸ் குளம் 1577-இல் சீக்கியர்களின் நான்காம் குருவான குரு ராம்தாஸ் வெட்டத் தொடங்கியது. பிற்காலத்தில் ராவி ஆற்றுக் கால்வாய் நீர் வந்தது, கூடவே வண்டலும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சேறு படிவதைப் போலத்தான். ஆனால் குழாயைத் திறந்துவிட்டால் இது போகாது. நீரை வெளியேற்றி, மண்ணைக் கூடை கூடையாகத் தலையில் சுமக்க வேண்டும். 1923, 1973, 2004-இல் அப்படித் தூர்வாரினார்கள்.

பொற்கோயில் வளாகத்தில் உள்ள சீக்கியர்களின் உயர் பீடம் அகால் தக்த். 1984 ராணுவ நடவடிக்கையில் சிதைந்த அதை அரசு சீரமைத்தது. சீக்கியர்கள் அரசு கட்டியதை ஏற்காமல் இடித்துவிட்டு, கார் சேவையாகவே திரும்பக் கட்டினார்கள்.

‘கரசேவை’ என்றதும் பலருக்கு அயோத்திதான் நினைவுக்கு வரும். சீக்கியர்களின் வழக்கம் அதற்கு வெகுகாலம் முந்தையது.