ஜூலையில் ஓமன்: மஸ்கட்டா, சலாலாவா?

ஜூலையில் ஐந்து நாள் ஓமன் போகச் சென்னை–மஸ்கட் டிக்கெட் எடுத்துவிட்டு, வெயிலை நினைத்து அதை ரத்து செய்யலாமா என்று கேட்கிறீர்கள். ஐந்து நாளில் மஸ்கட்டுக்கு ஒரு நாள் போதும். மீதியைத் தெற்கு ஓமனில் இருக்கும் சலாலாவுக்குக் கொடுங்கள். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம்.

ஓமன் படங்களில் பச்சைப் பசேல், வானிலையில் 40 டிகிரி என்று குழம்பியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு ஊர், அவ்வளவுதான். வெயில் மஸ்கட்டில். சலாலாவில் கேரளாவை நனைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தூறலும் மூடுபனியுமாக இறங்கும். அங்கே இதைக் கரீஃப் என்பார்கள். மொட்டை மலைகள் புல்வெளியாகிவிடும், ஒட்டகங்கள் மேய்ந்துகொண்டிருக்கும். நம் ஊர் ஜூலைப் புழுக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அது பெரிய சுகம். வாடி தர்பாத் பள்ளத்தாக்கு, முக்சைல் கடற்கரையில் பாறைத் துளைகள் வழியே பீறிடும் கடல்நீர், சாம்பிராணி வணிகம் நடந்த அல் பலீத் துறைமுக இடிபாடுகள் மூன்றையும் விடாதீர்கள்.

அறை போடும் முன் மஸ்கட்–சலாலா உள்நாட்டு விமானக் கட்டணத்தைப் பாருங்கள். சாலை வழி சுமார் 1,000 கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். வளைகுடாக்காரர்கள் குவிகிற சீசன், சீக்கிரம் பதிவு செய்யுங்கள்.

மஸ்கட்டில் காலையில் சுல்தான் காபூஸ் பெரிய மசூதி (வெள்ளி தவிர), மாலையில் முத்ரா சந்தை.

ஒன்று மட்டும்: கரீஃபில் கடல் மிகவும் கொந்தளிக்கும். குழந்தைகளை அலையில் இறக்காதீர்கள். மலைச் சாலையில் பனி மூடினால் பகலிலும் எதிர்வண்டி தெரியாது, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.