கேள்வி - பதில்: துணி, சாயம், ஊசி

துணியோடு காகிதம், வண்ணம், நூல், உலோகம் என எதையும் சேர்த்துச் செய்யும் கலப்பு ஊடகக் கலையைச் சிறு சிறு சவால்கள் மூலம் பழகிவரும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

தோழியர் சிலர் சேர்ந்து வாரம் ஒரு சவால் வைத்துக்கொள்கிறோம். 'ஜன்னல்', 'மழை', 'வேர்' என்று யாராவது ஒருவர் தலைப்புக் கொடுக்க, மற்றவர்கள் அதைத் துணியில் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் நான் புதிதாகப் பொருள் வாங்குகிறேன், எதையும் முடிப்பதில்லை. பாதியில் நின்றவை ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. என்னிடம் என்ன குறை?
– வாசகி, ஈரோடு

குறை சவாலில்தான் இருக்கிறது. வெறும் தலைப்பு, கற்பனையைத் தூண்டுவதற்கு முன்பு கடைக்குப் போகத் தூண்டிவிடும். 'மழை' என்றவுடன் நீல ஆர்கன்சாவும் (ஊடுருவித் தெரியும் மெல்லிய விறைப்பான துணி) வெள்ளி நூலும் வாங்கத் தோன்றுவது இயல்பு. தலைப்பைத் தளர விட்டு, அளவையும் பொருளையும் இறுக்கிப் பாருங்கள். 1997-இல் சூரிச் நகரில் ஸ்டிர்னெமன் என்ற ஓவியர் தொடங்கிவைத்த, கையால் செய்த சிறு கலை அட்டைகளின் பரிமாற்றம் உலகெங்கும் பரவியதற்கு முக்கியக் காரணம், அட்டை இரண்டரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்க வேண்டும், விற்கக் கூடாது, கைமாற்றிக்கொள்ள மட்டுமே செய்யலாம் என்ற எளிய விதிகள்தாம் என்று நான் நினைக்கிறேன். அந்த அளவு துணிக்கும் ஊசிக்கும் சற்று நெருக்கடியானது. நாலுக்கு ஆறு அங்குலம், அதாவது அஞ்சலட்டை அளவு, உங்கள் குழுவுக்குப் பொருந்தும்.

ஒரு மாதத்துக்கு ஒரே துணி, இரண்டு நிற நூல், வீட்டில் கிடக்கும் வேறு ஒரு பொருள் (பேருந்துச் சீட்டு, மாத்திரை அட்டையின் மெல்லிய தகடு, பழைய நாட்காட்டித் தாள் என எதுவானாலும் சரி), கையில் இருக்கும் வண்ணம் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் நூல் மட்டும், இரண்டாம் வாரம் அந்த வேறு பொருளையும் சேர்த்து, மூன்றாம் வாரம் வண்ணம் கலந்து செய்யுங்கள். நான்காம் வாரம் அந்த மூன்றையும் கத்தரித்து ஒரே துண்டாக இணையுங்கள். நன்றாக வந்துவிட்ட ஒன்றைக் கத்தரிக்கக் கை கூசும். ஆனால் இணைப்பு, சமநிலை, எதை விட வேண்டும் என்ற தெளிவு ஆகியவை அந்த நான்காம் வாரத்தில்தான் பிடிபடும். உங்கள் பெட்டியில் பாதியில் நிற்பவற்றையும் இந்த வழியில் கரைத்துவிடலாம்.

கையில் இருப்பதைக் கொண்டு மட்டும் செய்வதால் வேலையின் தரம் குறையும் என்று அஞ்ச வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் உழைத்துக் கிழிந்த உடைகளைக் கொண்டே போர்வைகள் தைத்தார்கள். மிசூரி பெட்வே என்பவர் 1942-இல், கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடைகளை வெட்டி ஒன்று தைத்தார். அவ்வூர்ப் போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின. வேலை உடைகளில் தைத்த போர்வைகளில், சட்டைப்பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாக நிற்பதைக் காணலாம். எந்தக் கடையிலும் அப்படி ஒரு நிறம் கிடைக்காது.

வெள்ளைக் காடாத் துணியில் மையால் வரைந்தால் கோடு பரவி ஊறிவிடுகிறது. துணியில் எழுதுகோலால் சாயம் கொண்டு வரையும் கலம்காரியில் மட்டும் மெல்லிய கோடு எப்படி நிற்கிறது? வீட்டில் அதைச் சிறிய அளவில் செய்து பார்க்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத சிக்கல்நாயக்கன்பேட்டையில் இந்த வேலை நடக்கிறது. ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது என் பதிலைவிடப் பயன்தரும். கோடு நிற்பதன் இரகசியம் துணியைத் தயாரிப்பதில் இருக்கிறது. கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியைக் கடுக்காய் ஊறிய நீரும் எருமைப்பாலும் கலந்த கலவையில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். கலம்காரியின் கறுப்பு மை என்பது வெல்லம் கரைத்த நீரில் இரும்புத் துண்டுகளைப் போட்டு ஏறக்குறைய மூன்று வாரம் புளிக்க வைத்து வடித்த சாறுதான். பார்ப்பதற்கு வெளிறிய பழுப்பு நீராக இருக்கும் அந்தச் சாறு, கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கண்ணெதிரே கறுக்கும்.

வீட்டுச் சோதனைக்கு, கொட்டை நீக்கிய கடுக்காயை இடித்து ஓர் இரவு ஊற வைத்து வடித்து, பால் சேர்த்துத் துணியை நனைத்து, அலசாமல் வெயிலில் காய வையுங்கள். துணி இளமஞ்சளாக மாறியிருக்கும். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊற விட்டு வடித்தாலே சுமாரான மை கிடைக்கும். என்னைக் கேட்டால், கோடு வரைவதோடு நிறுத்தாமல், அதே துணியின் இன்னொரு துண்டில் துருவேறிய சாவி, வாஷர், சோடா மூடி ஆகியவற்றை வைத்து வினிகர் தெளித்து, சுருட்டி நூலால் இறுகக் கட்டி, ஓர் இரவு பிளாஸ்டிக் பையில் வைத்துப் பாருங்கள். காலையில் பிரிக்கும்போது சாவியின் பல் ஒவ்வொன்றும் சாம்பல் நிறத்தில் பதிந்திருக்கும். நூல் இறுகிய இடங்கள் வெளிறிய கோடுகளாக நிற்கும். கலப்பு ஊடகத்துக்கு இதைவிட நல்ல பின்னணித் துணி இல்லை.

எச்சரிக்கை ஒன்று: துணியில் தங்கிவிடும் இரும்பும் புளிப்பும் காலப்போக்கில் இழையை அரித்துவிடும். ஆகையால் நாட்கணக்கில் ஊற விடாமல், எடுத்தவுடன் சிறிது சமையல் சோடா கலந்த நீரில் முக்கிப் பலமுறை அலசுங்கள். இதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது.

அக்ரிலிக் வண்ணம் தீட்டிய துணியில் ஊசி இறங்க மறுக்கிறது. காகிதம் ஒட்டிய இடத்தில் மெஷினில் தைத்தால் கிழிந்து போகிறது. எதை முதலில் செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

அக்ரிலிக் உலர்ந்தபின் ஒரு பிளாஸ்டிக் படலம். அதில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. நீர்த்த வண்ணத்தை முதலில் பூசி, உலர்ந்தபின் தைத்து, கெட்டியான வண்ணத்தைக் கடைசியில் தையலின் மேலும் பக்கத்திலும் வையுங்கள். வண்ணத்தோடு துணிக்கான மீடியம் (அக்ரிலிக்கோடு கலப்பதற்கென்றே விற்கும் திரவம்) கலந்தால் விறைப்புக் குறையும். ஒரு நாள் முழுக்க உலர விட்டு, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போட வேண்டும். காகிதத்தைப் பொறுத்தவரை, தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலை ஓரம்போலத் துளை விழுந்து அந்தக் கோட்டிலேயே பிய்ந்துவிடும். தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்குக் கூட்டி, அடியில் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைகளுக்கு விட்டுவிடலாம். அதன் கட்டிகளில் ஊசியும் இறங்காது, வெயிலில் பசையும் நிற்காது.

தையல் கடையில் கிடைக்கும் வெட்டுத் துண்டுகளில் எது பருத்தி, எது செயற்கை இழை என்று எப்படி அறிவது?
– வாசகி, கோயம்புத்தூர்

ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடை தரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டுவிடும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், துணியோடு பெட்டியும் பாழாகும். பாலியஸ்டரைக் குறையாக எண்ண வேண்டியதும் இல்லை. ஓரத்தை ஊதுவத்தியால் சுட்டு எடுத்தால் பிசிறில்லாத இதழ்கள் கிடைக்கும். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அம்மாவின் பழைய பட்டுப்புடவையை வெட்டிச் சுவரில் மாட்டும் படமாக்க விரும்புகிறேன். வீட்டில் எதிர்க்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

புடவை உடுத்தும் நிலையில் இருந்தால் நான் வீட்டார் பக்கம். மடிப்பு விழுந்த இடத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அங்கே இழை விட்டுக்கொடுத்தால் அது இனி எவர் தோளிலும் நிற்காது, அப்போது வெட்டலாம். வெட்டுவதற்கு முன்பு முந்தானையையும் கரையையும் படம் எடுத்து வையுங்கள். நைந்த பட்டைத் தனியாகத் தைக்காமல் மெல்லிய மல் துணியின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்து நெருக்கமான ஓட்டுத் தையல் போடுங்கள். வங்காளத்துக் காந்தா வேலையில் பழம்புடவைகளை அடுக்கி உயிர்கொடுப்பது இந்தத் தையலைக் கொண்டுதான்.

முடித்தவற்றை எப்படிப் பாதுகாப்பது? போன மழைக்காலத்தில் இரண்டில் பூஞ்சை பிடித்துவிட்டது.
– வாசகி, சென்னை

மைதாப் பசை பயன்படுத்தியிருந்தால் பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அதுவே விருந்து. அடுத்த முறை தையலால் பிடித்துவையுங்கள். மடிக்காமல், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்து வண்ணம் வெளிப்புறம் இருக்கும்படி உருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே நிறுத்திவிடும் என்பதால் அது வேண்டாம். மாட்டி வைப்பதானால், மழை படும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டாதீர்கள். மஞ்சளால் சாயமிட்டதை வெயில் படும் சுவரிலும் மாட்டாதீர்கள், வெகு விரைவில் வெளுத்துவிடும். பூஞ்சை பிடித்த இரண்டையும் வெயில் வந்தவுடன் வெளியே எடுத்துப் போய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் தட்டி விடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் கறை இன்னும் உள்ளே இறங்கும்.