ஆய்வுக்கூடத்துக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு வேலை

கேள்வி: உயிரியல் மருத்துவத்தில் பட்டப்படிப்பை முடிக்கப்போகிறேன். மருத்துவ ஆய்வு முடிவுகளைச் சிகிச்சையாக மாற்றும் துறையில் மேற்படிப்பு படிக்க ஆசை. நீரிழிவுக்காகப் பலதுறை மருந்தகம் போய்வரும் என் அம்மாவோ, “டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை, இது என்ன வேலை?” என்கிறார். என்ன சொல்வது? - வாசகி, ஈசூன்

பதில்: அம்மாவுக்கு எடுக்கப்படும் விழித்திரைப் படத்தையே காட்டிச் சொல்லுங்கள். அத்தகைய படங்களில் நீரிழிவுப் பாதிப்பைக் கண்டறியும் ‘செலினா பிளஸ்’ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சிங்கப்பூரில் உருவானது. ஏறத்தாழ 5 லட்சம் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2017-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளிவந்தது. கட்டுரை வந்தாயிற்று, அப்புறம்? படம் மங்கலாக விழுந்தால் என்ன செய்வது? சந்தேகமானதை யார் மறுபடி பார்ப்பது? பாதிப்பு உள்ளவரை எவ்வளவு சீக்கிரம் கண் மருத்துவரிடம் அனுப்புவது? இதற்கெல்லாம் வழி காண்பதுதான் உங்கள் வேலையாக இருக்கும்.

பழைய உதாரணம் ஒன்றும் சொல்லுங்கள். குடலில் குளுக்கோஸ் சேர்ந்தால் உப்பும் நீரும் உடலில் ஏறும் என்பது 1960களிலேயே தெரிந்திருந்தது. 1971-ல் வங்கதேசப் போரின்போது, இந்தியாவின் மேற்கு வங்கத்தில் உள்ள பாங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் அந்த அறிவை நம்பி நோயாளிகளுக்கு உப்பு, குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த உறவினர்களே ஊட்டினார்கள். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைத்ததில்லை.

நான் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தவள். ஆய்வில் சேர்பவர்களுக்கான ஒப்புதல் படிவத்தைப் பக்கம் பக்கமாக விளக்கி முடித்ததும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் சேரவில்லை என்றால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா, அம்மா?” என்று கேட்டார். சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம் என்ற விடை படிவத்தில் இருந்தது. ஆனால் அவர் மனத்துக்குப் போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து அந்த விடையைத்தான் முதலில் சொல்வேன். உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பது இந்த வேலையில் பெரிய தகுதி.

புள்ளியியலை ஆழமாகப் படியுங்கள். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளையும் செலவுக் கணக்கையும் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். முடிந்தால் முதலில் மருத்துவமனை ஆய்வுக் குழு ஒன்றில் உதவியாளராகச் சேருங்கள். பிறகு, விண்ணப்பிக்கும் இடத்தில் மாணவர்கள் நோயாளிகளோடு எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.