வாசகர் கேள்வி பதில்: மே மாதம் பிள்ளைகளை எங்கே அனுப்புவது?

கே: சென்னையை ஒட்டிய பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் எட்டாவது, மகன் ஐந்தாவது. ஒரு சம்மர் கேம்ப்பில் விசாரித்தேன், இரண்டு வாரத்துக்குத் தலைக்கு ஆறாயிரமாம். காசில்லாதவர்களுக்கு நல்லதாக எதுவுமே இல்லையா?

ப: இருக்கிறது சகோதரி, ஆனால் உங்கள் பக்கத்தில் இல்லை, அதுதான் சிக்கலே. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே பெரிய பிரிவு இருக்கிறது, உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிர்லா கோளரங்கம், இந்தப் பக்கம் எழும்பூர் அருங்காட்சியகம், பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம். பாட்டு, நடனம், ஓவியத்துக்கு கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கோடையில் பயிற்சி முகாம் நடத்துகிறது. எல்லாம் சரி, பெரும்பாக்கத்திலிருந்து கோட்டூர்புரம் 15 கிலோமீட்டருக்கு மேல். மகளுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம், மகனுக்கு வேண்டும், கூட ஒரு பெரியவர் போக வேண்டும், கத்திரி வெயில், மதியச் சாப்பாடு. பள்ளி மூடினால் சத்துணவும் இல்லையே! நகரத்துக்குள் குடியிருந்தவர்களைப் பெரும்பாக்கம் மாதிரி ஓரத்துக்கு அனுப்பியபோது இந்த வசதியெல்லாம் கூடவா வந்தன?

அமெரிக்காவில் பாஸ்டன், டாலஸ், பிட்ஸ்பர்க் உட்பட ஐந்து நகரங்களில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கோடைப் பள்ளி நடத்தி, ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் பல வருடம் கூடவே இருந்து ஆராய்ந்தது. கட்டணம் இல்லை, பஸ்ஸும் சாப்பாடும் அவர்களே கொடுத்தார்கள். அப்படியும் பெயர் கொடுத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகள் எட்டியே பார்க்கவில்லை. 20 நாளோ அதற்கு மேலோ வந்தவர்களுக்குத்தான் கணக்கில் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. பஸ்ஸும் சோறும் கொடுத்த இடத்திலேயே இந்தக் கதி என்றால், இங்கே ‘இலவசம்’ என்று பலகை மட்டும் மாட்டினால் யார் வருவார்கள்?

அதனால் ஊரெல்லாம் கேம்ப் தேடி அலைவதை விட, உங்கள் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியையே மே மாதம் அரை நாள் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம், அப்புறம் என்ன தயக்கம்? பிப்ரவரி, மார்ச்சிலேயே தீர்மானம் போட்டு, தலைமையாசிரியரிடமும் உள்ளாட்சிப் பிரதிநிதியிடமும் எழுத்தில் கொடுங்கள். இரண்டு வகுப்பறை, ஃபேன், குடிதண்ணீர், மதியம் ஒரு வேளைச் சாப்பாடு. சாப்பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கே: லீவிலும் படிப்பா? பாவம், பிள்ளைகளை விளையாட விடுங்களேன்!

ப: தாராளமாக. ஆனால் பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பத்துக்குப் பத்து வீட்டில் பூட்டிக்கொண்டு போன் பார்ப்பதற்குப் பெயர் விளையாட்டா? ஐந்தாவது மாடியில் மூச்சு முட்ட உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து இதே கேள்வியைக் கேளுங்கள்.

கே: கல்லூரி இரண்டாம் ஆண்டு. லீவில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லித்தர ஆசை. எதிலிருந்து தொடங்க?

ப: நல்லது தம்பி. அடுத்த வகுப்புப் பாடத்தை இப்போதே முடித்துவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள், ட்யூஷன் சென்டர்கள் அதைத்தான் செய்கின்றன. கதைப் புத்தகங்களுக்குக் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். தினமும் ஒரு கதை சத்தமாக வாசிப்பு, கடைக்கணக்கு, கேரம், கொஞ்சம் வரைதல், அது போதும். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியிலும் தெருவிலிருந்த தன்னார்வலர்கள்தான் மாலையில் பாடம் எடுத்தார்கள், உங்கள் பகுதியில் அப்படி எடுத்த அக்கா யாராவது இருப்பார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெற்றோர் உங்களை விட அவரைத்தான் நம்புவார்கள். அப்புறம், நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். காலை ஒன்பது என்றால் மழையோ மேட்சோ, ஒன்பதுதான்.