நாக்கை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடுமா?

போன இதழில் குழந்தைகளின் காதுவலி பற்றி எழுதும்போது, போகிற போக்கில் நாக்கு ஒட்டு பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து ஆசிரியர் குழு, "டாக்டரம்மா, இந்த முறை நாக்கை மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டது. காதும் மூக்கும் அடுத்த மாதம் வரட்டும்.

கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள். அடியில் நட்டநடுவே ஒரு ஜவ்வு தெரியும். அது எல்லோருக்கும் இருக்கிறது. அந்த ஜவ்வு குட்டையாகவோ, தடித்தோ, நுனிவரை வந்து பிடித்துக்கொண்டோ நாக்கை அசையவிடாமல் செய்தால்தான் அதை நாக்கு ஒட்டு, அதாவது 'டங் டை' என்கிறோம். ஜவ்வு கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக மட்டும் யாரும் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியதில்லை.

குழந்தை பிறந்து 18 நாள் ஆகிறது. பால் கொடுக்க உட்கார்ந்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறது. காம்பு வெடித்து இரத்தம் கசிகிறது. பிறந்தபோது 2.9 கிலோ, நேற்று எடை போட்டதில் 2.85. நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்ட வேண்டும் என்கிறார் நர்ஸ். "பச்சைப்பிள்ளை நாக்கில் கத்தி வைப்பதா?" என்று மாமியார் தடுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- இளம் தாய், அரியலூர்

முதலில் எடையைப் பார்ப்போம். பிறந்த முதல் சில நாளில் குழந்தை எடை குறைவது சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். உங்கள் பிள்ளை 18 நாளாகியும் வரவில்லை. அதனால் இந்த இதழ் கைக்குக் கிடைத்த அன்றே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்டுவதா வேண்டாமா என்ற பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதுவரை கையால் பாலைப் பீய்ச்சி, வெந்நீரில் கொதிக்கவைத்த பாலாடையில், அதாவது சங்கில், புகட்டுங்கள். காம்புப் புண்ணில் உங்கள் பாலையே நாலு சொட்டு தடவி ஆறவிடுங்கள்.

இனி நாக்கு. குழந்தை ஒழுங்காகப் பால் குடிக்க வேண்டுமானால் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வெளியே வந்து மார்பை ஏந்திப் பிடிக்க வேண்டும். ஜவ்வு இழுத்துப் பிடித்தால் நாக்கு ஈறுக்குப் பின்னாலேயே நின்றுவிடும், ஈறு காம்பைக் கடிக்கும். குடித்து முடித்து வாயை எடுக்கும்போது காம்பு ஒரு பக்கம் சப்பையாகி, நுனி வெளுத்திருக்கிறதா? குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்து பிடி நழுவுகிறதா? அழும்போது நாக்கு நுனி மேலே எழும்பாமல், வெற்றிலையின் காம்புப் பக்கம் போல நடுவில் உள்வாங்கியிருக்கிறதா? இவை இருந்தால் நர்ஸ் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஆனாலும் கத்தரிக்கோலுக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பால் கொடுக்கும் முறை தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை எப்படிப் பிடிக்கிறது என்று முழுதாக ஒரு முறை பார்க்க வேண்டும். வாய் அகலத் திறக்க வேண்டும், மோவாய் மார்பில் அழுந்த வேண்டும், காம்பு மட்டுமில்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்திலும் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். இதைச் சரிசெய்ததுமே வலி போய்விட்ட தாய்மார்களை நிறையப் பார்க்கிறேன். நாக்கு ஒட்டு தெரிகிற குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை தொல்லையில்லாமல் பால் குடிக்கின்றன என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2024 அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

முறையை மாற்றியும் வலி விடவில்லை, எடையும் ஏறவில்லை என்றால் வெட்டிவிடலாம். உங்கள் மாமியாரையும் கூட்டி வாருங்கள், அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, நர்ஸ் தலையைப் பிடித்துக்கொள்வார். நாக்கில் இரண்டு சொட்டு சர்க்கரைக் கரைசல். நடுவில் பிளவுள்ள தட்டையான கருவியால் நாக்கைத் தூக்கினால் ஜவ்வு விறைத்து நிற்கும். முனை மழுங்கிய கத்தரிக்கோலால் ஒரு வெட்டு, தேவைப்பட்டால் இன்னொன்று. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இந்த வயதில் ஜவ்வு மெல்லிசாக இருப்பதால் முழு மயக்கம் தேவையில்லை. ஒன்றிரண்டு சொட்டு இரத்தம் வரும். உடனே மார்பில் போட்டுவிடுவோம், குடிக்கிற அழுத்தத்திலேயே நின்றுவிடும்.

மறுநாள் வெட்டிய இடத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். 'சீழ் வைத்துவிட்டது' என்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் வருவது இதற்காகத்தான். அது சீழ் இல்லை, புண் ஆறும் விதம். ஒன்றிரண்டு வாரத்தில் காணாமல் போய்விடும். காய்ச்சல் வந்தாலோ இரத்தம் நிற்காமல் வந்தாலோதான் ஓடிவர வேண்டும். வெட்டிய இடத்தை விரலால் தேய்த்துவிடச் சிலர் சொல்கிறார்கள். பச்சைப்பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்வதில்லை. பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை, பிள்ளைக்கு வாயைத் திறக்கவே பயம் வந்துவிடும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டைக் கேளுங்கள். பிறந்ததும், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா? குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் உண்டா? கீழ்த்தாடை மிகச் சிறிதாகப் பின்வாங்கியிருக்கும் குழந்தைகளுக்கு இதைச் செய்யக் கூடாது. கட்டு அவிழ்ந்த நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைத்துவிடும்.

வெட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? 5 ஆய்வுகளில் இருந்த 302 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்து, காக்ரேன் அமைப்பு 2017ல் ஒரு முடிவு சொன்னது: தாயின் வலி குறைகிறது. குழந்தை குடிப்பது மேம்படுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு வலி குறைந்தால் தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுப்பீர்கள். என்னைக் கேட்டால் அதற்காகவே செய்யலாம்.

பேரனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. 'அம்மா', 'தா' தவிர வேறு பேச்சு இல்லை. நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேச்சு வரும் என்கிறார்கள். வசம்பு உரசித் தினமும் நாக்கில் தடவி வருகிறோம். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமா?
- ஒரு தாத்தா, நத்தம்

ஐயா, நாள் குறிக்க வேண்டாம். நாக்கு ஒட்டு உள்ள பிள்ளை பேசும், சில எழுத்துகள்தான் தெளிவாக வராது. பேச்சே வராமல் இருப்பதற்கு நாக்கு காரணம் இல்லை. மூன்று வயதில் 'தாத்தா கடைக்குப் போலாம்' என்று மூன்று சொல் சேர்த்துப் பேச வேண்டிய பிள்ளை இரண்டே சொல்லில் நிற்கிறான் என்றால், நான் முதலில் பார்ப்பது காதை.

நீங்களே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, அவன் கண்ணில் படாமல், மெதுவான குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கை தட்ட வேண்டாம், தரையைத் தட்ட வேண்டாம், அதிர்வை உணர்ந்தே சில பிள்ளைகள் திரும்பிவிடுவார்கள். 'செருப்பை எடுத்துட்டு வா' என்று கையைக் காட்டாமல் சொன்னால் எடுத்து வருகிறானா? மற்ற பிள்ளைகளோடு சேருகிறானா, முகம் பார்த்துச் சிரிக்கிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? ஒரு நாளில் எவ்வளவு நேரம் செல்போன் கையில் இருக்கிறது? சாப்பாடு ஊட்டுவதற்கென்று போனைக் கொடுக்கிற வீடு என்றால் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் கேள்விகளில் எதற்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றே வந்தாலும், காதுப் பரிசோதனை கட்டாயம். ஓஏஇ, பெரா என்று இரண்டு சோதனைகள் இருக்கின்றன. பெராவைப் பிள்ளை தூங்கும்போதே எடுத்துவிடலாம், அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிய மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்று அரசு நடத்துகிறது, காசு வாங்க மாட்டார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். காது கேட்கவில்லை என்று தெரிந்தால் கருவி இருக்கிறது, பேச்சுப் பயிற்சி இருக்கிறது. தேவைப்படும் சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையே செய்கிறார்கள். அது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது. நாக்கை வெட்டிவிட்டு 'பேச்சு வருதா பார்ப்போம்' என்று ஒரு வருடம் காத்திருந்தால், போவது அந்த வருடம்தான்.

வசம்பை நிறுத்திவிடுங்கள். அது பேச்சைக் கொண்டுவராது, வாந்தியைத்தான் கொண்டுவரும். வீட்டில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தேனும் நாக்கில் தடவாதீர்கள். அந்த வயதில் தேனிலிருந்து நரம்பைத் தாக்கும் நச்சுக்கிருமி வர வாய்ப்புண்டு.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு 'ழ' வரவே மாட்டேன் என்கிறது. 'வாளப்பளம்' என்கிறான். நாக்கு ஒட்டாக இருக்குமோ?
- தமிழாசிரியை, தூத்துக்குடி

டீச்சர், தூத்துக்குடியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! அப்படிப் பார்த்தால் உங்கள் ஊர் சந்தையையே ஆபரேஷன் தியேட்டருக்கு அழைத்துவர வேண்டும். நான் பிறந்த ஊரிலும் பளம்தான். சென்னையில் இழுத்துக்கொண்டு போவதை 'இஸ்துகினு' போகிறார்கள், அவர்களுக்கும் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அவனை 'வட்டம்', 'கண்ணாடி', 'பள்ளி' என்று சொல்லச் சொல்லுங்கள். ட, ண, ள சுத்தமாக வந்தால் நுனி மடங்கி மேலண்ணத்தைத் தொடுகிறது என்று அர்த்தம், ஜவ்வு அவனைத் தடுக்கவில்லை. 'ழ'வுக்கு அதே மடிப்புதான், தொடாமல் நிறுத்த வேண்டும். அதைப் பழக்குவது உங்கள் வேலை, என் வேலை இல்லை.

வாயை அகலத் திறந்துகொண்டு நாக்கு நுனியால் மேல் முன்பல்லின் பின்புறத்தைத் தொட முடியவில்லை, மேலுதட்டை நக்க முடியவில்லை, கடவாய்ப் பல்லில் ஒட்டிய கமர்கட்டைக் கையை விட்டுத்தான் எடுக்கிறான், ட, ல, ர எல்லாமே குழறுகின்றன என்றால் அனுப்பி வையுங்கள், பார்க்கிறேன். அப்போதும் முதலில் பேச்சுப் பயிற்சியாளரிடம்தான் அனுப்புவேன்.

வயது 22. நாதஸ்வரம் பயில்கிறேன். துத்துகாரம் (நாக்கு நுனியால் காற்றை வெட்டி வெட்டி ஊதுவது) வேகமாக வரும் இடத்தில் நாக்கு சிக்குகிறது. பல் டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, நாக்கு 7 மில்லிமீட்டர்தான் விடுபட்டிருக்கிறது என்றார். கீழ் முன்பற்களுக்கு நடுவே இடைவெளியும் உண்டு. இந்த வயதில் ஆபரேஷன் செய்யலாமா?
- மாணவர், திருவாரூர் மாவட்டம்

செய்யலாம் தம்பி. ஜவ்வு பிடித்த இடத்திலிருந்து நுனிவரை 16 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இயல்பு. உங்களுடைய 7 கடுமையான வகையில் சேரும். ஊதுகிற சீவாளி வாயில் இருக்கும்போது நுனி நொடிக்கு நொடி தொட்டு விலக வேண்டிய வித்தை உங்களுடையது. சாதாரண ஆளுக்கு இந்த அளவு தொல்லையே தராமல் போகலாம், உங்களுக்கு அப்படியில்லை.

பெரியவர்களுக்கு ஜவ்வு தடித்திருக்கும், உள்ளே தசைநாரும் கலந்திருக்கும். ஒரே வெட்டில் விட்டால் தழும்பு கட்டி மறுபடி இழுத்துக்கொள்ளும். அதனால் மரத்துப்போகும் ஊசி போட்டு, 'இசட்' வடிவில் வெட்டி, தோல் மடல்களை இடம் மாற்றித் தைப்போம். குறுக்கே இருந்த நீளம் நெடுக்கே வந்து சேரும். தையல் தானாகக் கரைந்துவிடும். ஜவ்வின் இரண்டு பக்கமும் எச்சில் சுரப்பிக் குழாயின் வாய் இருக்கிறது, பக்கத்திலேயே இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எனவே இதைப் பழக்கப்பட்ட கையிடம் மட்டும் கொடுங்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள்.

சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். தயிர்சாதம், ஆறிய கஞ்சி போதும், காரம் வேண்டாம். டாக்டர் சொல்லும் நாளிலிருந்து நாக்கை நீட்டி, தூக்கி, பக்கவாட்டில் அசைக்கும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். தையல் ஆறும்வரை சீவாளியைத் தொடக் கூடாது. முகூர்த்த மாதத்தில் போய்ப் படுத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணக் கச்சேரி இல்லாத ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பூரத்துக்குக் கோயில் வாசிப்பு இருந்தால் குருவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

நாக்குக்கு இடம் கிடைக்கும், அதற்கு நான் பொறுப்பு. வேகம் சாதகப் பயிற்சியில்தான் வரும். பல் இடைவெளி தானாக மூடிக்கொள்ளாது, அதற்குத் தனியாகப் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

லேசரில் செய்தால் வலியே இல்லையாமே? மேலுதட்டு ஜவ்வையும் சேர்த்து வெட்டிவிடலாம் என்று பேக்கேஜ் சொல்கிறார்கள்.
- வாசகி, சென்னை

இரத்தம் குறைவாக வரும், அவ்வளவுதான். சுட்ட இடமும் ஆற வேண்டும் அல்லவா? பச்சைப்பிள்ளைக்கு லேசர் கத்தரிக்கோலைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. லேசர் என்ற சொல்லுக்குத் தனி ரேட் போடுவது மட்டும் உறுதி. மேலுதட்டு ஜவ்வு குழந்தைகளுக்குத் தடிப்பாகத் தெரிவது இயல்பு. பால் குடிப்பதற்காக அதை வெட்டத் தேவையில்லை. பேக்கேஜ் என்று சொன்னவரிடம் மறுபடி போகாதீர்கள்.

எனக்குத் திக்குவாய். நாக்கை விடுவித்தால் சரியாகுமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

ஆகாது. 1841ல் பெர்லினில் டீஃபென்பாக் என்ற பெரிய சர்ஜன் திக்குவாய்க்காக நாக்கின் அடிப்பகுதியில் ஆப்பு வடிவில் தசையை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம், நினைத்தாலே உடம்பு கூசுகிறது. பலன் இல்லாமல் அந்த ஆபரேஷன் ஒழிந்தது. திக்குவது நாக்கின் கோளாறு இல்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள், எந்த வயதிலும் போகலாம்.

எனக்கு நாக்கு ஒட்டு உண்டு. மூத்த மகனுக்கும் இருந்தது, பிறந்த வாரமே வெட்டினோம். மனைவி மறுபடி கர்ப்பம். இதற்கும் வருமா?
- வாசகர், நாமக்கல்

வரலாம். குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு, பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். அதற்காக ஸ்கேனில் தேட வேண்டியதில்லை. பிரேசிலில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாக்கைச் சோதிக்க 2014லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். பிரசவ வார்டில் குழந்தையைப் பார்க்க வரும் டாக்டரிடம் அண்ணனின் கதையைச் சொல்லி, வாய்க்குள் விரல் விட்டு நாக்கைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டு இருந்து, பிள்ளை நன்றாகக் குடித்து, உங்கள் மனைவிக்கும் வலி இல்லை என்றால், அண்ணனுக்குச் செய்தோம் என்பதற்காகத் தம்பிக்கோ தங்கைக்கோ செய்ய வேண்டாம்.